எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமில்லை

ஏழாங்கட்டைத் தோட்டம்,
பத்தாங் பெர்ஜுந்தை.
10 மார்ச் 1985, ஞாயிறு

தம்பி தனபாலனுக்கு,

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, அம்மா வீட்டுக் குசினித் தரையில் இருந்த ஈரக் கால்தடத்தை அடிக்கோலால் அளந்தது. சோதனைத்தாள் திருத்தக் கொண்டுவந்த பையில் அடிக்கோல் இருந்தது. பத்தேகால் அங்குலம். என் கால் ஒன்பது. அம்மாவின் கால் அதைவிடச் சின்னது. ஒரே ஒரு தடம்தான், பின்கதவிலிருந்து அடுப்பைப் பார்த்து. அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

“செல்லண்ணன் தண்ணி கொண்டாந்து ஊத்திட்டுப் போயிருப்பாரும்மா” என்றேன்.

“செல்லன் நேத்தே மக வீட்டுக்கு ரவாங் போயிட்டான். நாளைக்கித்தான் வருவான்” என்றாள். சொல்லிவிட்டு என் தேநீரில் சீனியைப் போட்டுக் கலக்கினாள். அவளுக்கு அது ஒரு சங்கதியே இல்லை.

இருபது வருசமாகப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லித்தருகிறவள் நான். தடம் காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அதை இத்தோடு விடுகிறேன்.

எழுத வந்த விஷயம் வேறு. ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். ஆகஸ்டு முடிவதற்குள் லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. நம் வரிசையில் பன்னிரண்டு வீடு. ஆள் இருப்பது இரண்டில்தான், அம்மாவும் செல்லண்ணனும். போனவர்கள் கதவையும் ஜன்னல் பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பகலில் காற்று அடித்தால் பத்து வீடும் சேர்ந்து பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். கோலசிலாங்கூரில் என்னோடு வந்து இருக்கச் சொல்லி மூன்று சனிக்கிழமையாகக் கெஞ்சுகிறேன். வர மாட்டேன் என்கிறாள். காரணம் கேட்டால் வாயைத் திறப்பதில்லை. காரணம் நமக்குத் தெரியாதா? உன் அண்ணன் அழகேசன் காணாமல் போய் இருபத்திரண்டு வருசம் ஆகிறது. என்றைக்காவது அவன் திரும்பி வந்தால் இந்தக் கதவைத்தான் தட்டுவான் என்று இருக்கிறாள்.

அவனைக் கடைசியாகப் பார்த்தவன் நீ. ரவாங் போகிற லோரியில் அவன் ஏறியதைப் பார்த்தது நீ ஒருவன்தான். நீ சொன்னால் அம்மா கேட்பாள். லீவு எடுத்துக்கொண்டு வா. முடியாவிட்டால், அண்ணன் வந்தால் அக்கா வீட்டை விசாரித்து வந்துவிடுவான் என்று உன் கையால் நாலு வரி எழுது. நான் படித்துக் காட்டுகிறேன்.

செல்லண்ணன் போன வாரம் கேட்டார்: “ஒன் தம்பி அங்க என்னமோ ஜெட்டுன்னு சொன்னியே, ஏரோப்ளேன் ரிப்பேராலா?” இல்லை என்றேன். “அப்ப எதுக்குலா அவ்வளவு தூரம்?” என்றார். பதிலை நீயே எழுது.

அக்கா
நவமணி


ஜெனீவா
24 மார்ச் 1985

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இப்போது வர முடியாது. கோடைக்கால மாநாட்டுக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும், அது என் தலையில் விழுந்திருக்கிறது. கோபப்படாதீர்கள்.

செல்லண்ணனுக்குப் பதில் சொல்லுங்கள். இந்த ஆய்வுக்கூடத்தில் புரோட்டானையும் அதன் எதிர்த்துகளையும் வேகமாக மோதவிடுகிறோம். உள்ளே இருக்கும் குவார்க் அடிபட்டு வெளியே தெறிக்கிறது. ஆனால் அது தனியாக வெளியே வரவே வராது. வழியெல்லாம் புதுத் துகள்களை உண்டாக்கிக்கொண்டு ஒரே திசையில் ஒரு கூட்டமாக வரும். அந்தக் கூட்டத்துக்குத்தான் ஜெட் என்று பெயர். குவார்க்கை யாரும் பார்த்ததில்லை. அது விட்டுப்போன கூட்டத்தைத்தான் பார்க்கிறோம்.

அந்தக் கூட்டம் இரும்புத் தகடும் பிளாஸ்டிக் தகடும் மாற்றி மாற்றி அடுக்கிய பெட்டிகளில் போய் விழும். பிளாஸ்டிக் மினுங்கும். எவ்வளவு மினுங்கியது என்று பார்த்து, எவ்வளவு ஆற்றல் வந்தது என்று சொல்ல வேண்டும். சிக்கல் என்னவென்றால், பெட்டி எப்போதும் குறைத்துத்தான் சொல்லும். கொஞ்சம் இரும்பிலேயே தங்கிவிடும். கொஞ்சம் இரண்டு பெட்டிக்கு நடுவில் உள்ள இடுக்கில் போய்விடும். பிளாஸ்டிக் வயதாகி மஞ்சளித்தால் இன்னும் குறையும். எவ்வளவு குறைகிறது என்று கண்டுபிடித்து, அந்த அளவுக்குக் கூட்டிப் போடுவதுதான் என் வேலை. நாலு வருசமாக அதையேதான் செய்கிறேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பீர்கள். நீங்கள் ஐந்தாம் படிவத்தில் நடத்துகிற பாடம்தான்: உந்தம் அழிவதில்லை. மோதலுக்கு முன் பக்கவாட்டில் உந்தம் கிடையாது. ஆகவே பின்னாலும் கூட்டினால் சுழியம் வர வேண்டும். ஒரு பக்கம் ஒளித்துகள் ஒன்று போனால் அதை நன்றாக அளக்க முடியும். எதிர்ப்பக்கம் போன ஜெட் அதற்குச் சமமாக இருந்தாக வேண்டும். அளக்கத் தெரிந்ததை வைத்து அளக்கத் தெரியாததைத் திருத்துகிறோம்.

இப்போது ஐந்து மோதல்கள் கிடைத்திருக்கின்றன. ஒரு பக்கம் பெரிய ஜெட். எதிர்ப்பக்கத்தில் ஒன்றுமில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அவ்வளவு ஆற்றலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று இங்கே எல்லாரும் நம்புகிறார்கள். நம்புகிறார்கள் என்று சொன்னால் போதாது, ஆசைப்படுகிறார்கள். அது உண்மையா, இல்லை நாங்கள்தான் சரியாக அளக்கவில்லையா என்று நான் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள்.

தனபாலன்


கோலசிலாங்கூர்
7 ஏப்ரல் 1985

தனபாலா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒன்றரைப் பக்கம் பெட்டியைப் பற்றி. அம்மாவைப் பற்றி ஒன்றரை வரி.

அப்பா செத்த அன்றைக்கு நீ இங்கே இருந்தாய், மறந்திருக்க மாட்டாய். தகப்பனுக்குத் தலைமகன்தான் கொள்ளி வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். ரேடியோவில் அறிவிப்புக் கொடுத்து, அழகேசன் எங்கிருந்தாவது கேட்டுவிட்டு வருவான் என்று மறுநாள் சாயங்காலம்வரை அப்பாவை ஐஸ் கட்டி போட்டுக் கிடத்தி வைத்தோம். வாசலில் ஒவ்வொரு லோரி சத்தத்துக்கும் ஐம்பது தலை திரும்பியது. அம்மா ஒருத்திதான் வாசலைப் பார்க்கவில்லை. பின்கதவுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அழுது களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். கடைசியில் அண்ணன் சார்பில் என்று சொல்லி உன் கையில் கொள்ளியைக் கொடுத்தார்கள். உன் கையில் அது இரண்டு தரம் அணைந்துபோனது. அழகேசனுக்குப் படையல் போட முடியாது, செத்தான் என்று யாரும் சொல்லவில்லை. புதுச்சட்டை எடுத்து வைக்கலாம் என்றால், உயிரோடு இருக்கிறான் என்றும் யாரும் சொல்லவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி நானும் சட்டை எடுக்கிறேன். அளவு தெரியாமல் உன் அளவுக்கே எடுக்கிறேன்.

இவ்வளவும் எதை வைத்து? பன்னிரண்டு வயதில் நீ சொன்ன ஒரு சொல்லை வைத்து. உன்னைக் குறை சொல்லவில்லை. அந்தச் சொல் இருந்ததால்தான் அம்மா உயிரோடு இருக்கிறாள். அந்தச் சொல்லை வைத்தே அவளை வெளியே கூட்டிக்கொண்டு வா என்கிறேன்.

ஆசிரியராக ஒரு கேள்வி. ஒரு பக்கத்தை நன்றாக அளந்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டு மறு பக்கத்தைத் திருத்துகிறீர்கள், சரி. அந்த நல்ல பக்கத்தை யார் சரிபார்த்தார்கள்? எப்போது? எத்தனை தரம்? என் மாணவர்கள் எடை போடும்போது தராசைச் சரிபார்க்காமல் கல்லையே குறை சொல்லுவார்கள், அதனால் கேட்கிறேன்.

நேற்று அம்மா தானாகவே ஒன்று சொன்னாள். “மத்தியானம் யாரோ குழாயத் தொறந்து விட்டாங்க. நான் எந்திரிச்சுப் போறதுக்குள்ள மூடிட்டாங்க” என்றாள். அந்த வரிசைக்குத் தண்ணீரை நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது.

நவமணி


ஜெனீவா
12 மே 1985

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: நான்தான் சரிபார்த்தேன். ஒரே ஒரு தரம். மூன்று வருசத்துக்கு முன்.

ஆற்றல் தெரிந்த துகள் கற்றையின் முன் ஒரு பெட்டியை நிறுத்தி, நடுப்பகுதியையும் ஓரத்தையும் அளந்தேன். அன்றைக்கு நேரம் கொஞ்சம்தான் கிடைத்தது. ஓரத்தில் ஒரே ஒரு அளவு எடுக்க முடிந்தது. அந்த எண்ணை அப்படியே மற்ற எல்லாப் பெட்டிகளின் ஓரத்துக்கும் போட்டேன். பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிறகு அதன் மேல் மற்றதையெல்லாம் கட்டிவிட்டோம். கையை வைக்க இடம் இல்லை.

உங்கள் கடிதம் வந்த பிறகு ஐந்து மோதல்களின் வெறுமையும் எந்தத் திசையில் இருக்கிறது என்று வரைந்து பார்த்தேன். நான்கு, பெட்டிகளின் இடுக்கை நேராகப் பார்த்தபடி இருந்தன. யாரும் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. எதிர்ப்பக்கமும் ஜெட் வந்திருக்கிறது. இடுக்கில் விழுந்து, என் எண் அதைக் காணாமல் ஆக்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் எழுந்து சொன்னேன். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒருவர் மட்டும், “இதை எத்தனை நாளாகத் தெரிந்து வைத்திருந்தாய்?” என்று கேட்டார். ஒரு வாரமாக என்றேன். அது உண்மைதான். ஆனால் கேட்டவுடன் எனக்கு வேறு எண் வாயில் வந்தது. கஷ்டப்பட்டு அடக்கினேன்.

ஐந்தாவது மோதலுக்கு இன்னும் விளக்கம் இல்லை. இடுக்கு எதுவும் பக்கத்தில் இல்லை. அது அப்படியே நிற்கிறது.

தூக்கம் வருவதில்லை. அம்மாவிடம் அந்த லோரியைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் பேச வேண்டாம். தயவுசெய்து.

தனபாலன்


கோலசிலாங்கூர்
25 மே 1985

தனபாலா,

‘வேறு எண்’ என்றால் என்ன எண்?

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுத் தகரத்தையும் பிரித்துவிட்டார்கள். மழை பெய்தால் அம்மாவின் சுவர் வழியாகத் தண்ணீர் வருகிறது. செல்லண்ணன் அடுத்த மாதம் போகிறார். அதன் பிறகு அந்த வரிசையில் அவள் ஒருத்திதான். மூன்று மாதம்தான் இருக்கிறது. நீ என்னிடம் ஒளித்து விளையாட நேரம் இல்லை.

எதுவாக இருந்தாலும் எழுது. நான் உன் அக்கா, போலீஸ் இல்லை.

நவமணி


ஜெனீவா
9 ஜூன் 1985

அக்கா,

இருபத்திரண்டு வருசம். அதுதான் அந்த எண்.

லோரி இல்லை. நான் எந்த லோரியையும் பார்க்கவில்லை.

பள்ளி விடுமுறை. அண்ணனும் நானும் லயத்துக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைக்கு மீன் பிடிக்கப் போனோம். அங்கே போனால் தோலை உரித்துவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தது உங்களுக்குத் தெரியும். நீங்கள் அப்போது கோலாலம்பூரில் படித்துக்கொண்டிருந்தீர்கள். மீன் ஒன்றும் அகப்படவில்லை. குளித்தோம். எனக்குப் பசித்தது. அண்ணன் வர மாட்டேன் என்றார், “நீ போ, நான் அந்தக் கர வரைக்கும் போயிட்டு வந்துர்றேன்” என்றார். நான் கோபித்துக்கொண்டு வந்துவிட்டேன். மேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் தட்டையாக இருந்தது. முங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். எண்ணிப் பார்க்கலாம் என்று எண்ணினேன். நாற்பதுவரை எண்ணினேன். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஏன் திரும்பிப் போகவில்லை, ஏன் கத்தவில்லை என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்து வைத்துக்கொண்டு நின்றார். “எங்கடா அவன்?” என்றார். நான் பிரம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணன் அப்போது சிங்கப்பூர் போகப் போகிறேன் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார் அல்லவா. அம்மா குறுக்கே வந்து கேட்டார்கள், “ரவாங் லோரியில ஏறிட்டானாடா?” என்று. நான் தலையாட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு தலையாட்டல். மறுநாளே யாரோ ரவாங் பஸ் நிலையத்தில் அவரைப் பார்த்ததாகச் சொன்னார்கள். போலீஸ் ரவாங்கில் தேடினார்கள். குட்டைப் பக்கம் யாரும் போகவில்லை.

அப்பாவுக்குக் கொள்ளி வைக்கும்போது வருவாரோ என்று நானும் வாசலைப் பார்த்தேன். பைத்தியம் மாதிரி. சில நாள் எனக்கே அந்த லோரி ஞாபகம் வரும். நீல நிறம். பின்னால் தார்பாய். இல்லாத லோரிக்கு நிறம் எங்கிருந்து வந்தது?

அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவர்கள் அந்த வீட்டை விட்டு வருவார்கள். ஆனால் சொன்ன பிறகு எனக்கு அம்மா இருப்பார்களா என்று தெரியவில்லை. ஆகஸ்டில் வர டிக்கெட் எடுத்திருக்கிறேன். நான் வந்து சொல்லவா, நீங்கள் முன்னால் சொல்லிவிடுகிறீர்களா? எதுவானாலும் உங்கள் இஷ்டம்.

தனபாலன்


கோலசிலாங்கூர்
14 ஜூலை 1985, ஞாயிறு

என் தம்பி தனபாலனுக்கு,

இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம், கோபம். முதல் வாரம் உன்மேல். இரண்டாவது வாரம் அந்தப் பஸ் நிலையத்தில் பார்த்தேன் என்று சொன்ன யாரோ ஒருவன்மேல். மூன்றாவது வாரம் என்மேல். அந்த விடுமுறைக்கு வீட்டுக்கு வருவதாக எழுதிவிட்டு, கடைசி நேரத்தில் தோழிகளோடு பினாங்குக்குப் போனவள் நான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் இருந்திருந்தால் உங்களைக் குட்டைக்கு விட்டிருப்பேனா என்று கேட்டுக்கேட்டுத்தான் எனக்கு நாற்பத்து மூன்று வயது ஆகிவிட்டது.

நேற்றுப் போனேன். நானே சொல்லிவிடுவது என்றுதான் போனேன். நீ அவ்வளவு தூரம் வந்து, வாசலில் பையைக்கூட இறக்காமல் அதைச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் வார்த்தையைக் கோத்தேன். பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதுபோல முதலில் இது, பிறகு இது என்று.

அம்மா பின்கட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பிடி எடுத்துக்கொண்டேன். “தனபாலு எழுதியிருக்கான்மா. அந்த லோரி விஷயம்...” என்று ஆரம்பித்தேன்.

“லோரி கெடக்குது போ” என்றாள்.

பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அன்னைக்குத் தனபாலு வீட்டுக்கு வரும்போது தல ஈரமா இருந்துச்சு. காதுக்குப் பின்னால வெள்ளச் சேறு. நம்ம தோட்டத்து மண்ணு செவப்பு. வெள்ளச் சேறு குட்டையிலதான். ஒங்கப்பா பாக்குறதுக்கு முந்தி முந்தானையால தொடச்சு விட்டேன். தொடைக்கும்போதே தெரிஞ்சு போச்சு எனக்கு. அந்த மனுசன் ரோத்தானும் கையுமா நிக்கிறாரு. குட்டைக்குப் போனோம்னு இவன் வாயத் தொறந்திருந்தா அன்னைக்கே இவனும் இல்ல. ஒன்னு போயிருச்சு, மிச்சத்தயும் குடுக்க எனக்குத் தெம்பு இல்ல. அதான் நானே கேட்டேன், லோரியில ஏறிட்டானாடான்னு. புள்ளைக்குத் தலையாட்டத்தான் தெரியும், ஆட்டுனான்.”

“அப்புறம் போய்ப் பாத்தியாம்மா?” என்றேன்.

“விடியறதுக்கு முந்தி பால் வெட்டப் போற மாதிரி போனேன். சட்ட கரையில இருந்துச்சு. எடுத்துட்டு வந்து அடுப்புல போட்டேன். ஆளக் காணோம். அந்தத் தண்ணி யாரையும் திருப்பிக் குடுக்காது.”

“அப்பாகிட்ட அப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?”

“எப்ப? நாளைக்கி நாளைக்கின்னு பாத்தேன். ஒங்கப்பா அவன் வருவான்னு நம்பிக்கிட்டுத் தெனமும் வாசல்ல நின்னாரு. அதப் புடுங்கிட்டு அவருக்கு நான் என்னத்தக் குடுக்குறது?”

கீரை முழுவதும் ஆய்ந்து முடிந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். “நீ என்னைய டவுனுக்குக் கூப்புடுற. ஒன் வீட்டுல எனக்கு என்ன கொற? அவன் இங்க இருக்கான். பெத்தவ அவ்வளவு தூரத்துல போயி ஒக்காந்துக்கிட்டா நல்லா இருக்குமா?” என்றாள்.

அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, தனபாலா. இருபத்திரண்டு வருசமாக அவனுக்குத் துணையாக இருந்திருக்கிறாள். நாம் இரண்டு பேரும் அதைத் தவறாகவே அளந்திருக்கிறோம்.

“அவனுக்கு இதெல்லாம் எழுதிராத. தெரிஞ்சா அவன் இன்னும் ஒடிஞ்சு போவான்” என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள். சரி என்றேன். பஸ் ஏறும்வரைக்கும் சரி என்றுதான் இருந்தேன். ஆனால் ஒரு எண் தப்பு என்று தெரிந்த பிறகு அதை எழுதியவனிடம் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. அந்தத் தலையாட்டலில் பாதிக்கு மேல் உன்னுடையது இல்லை. அது அம்மா உன் வாயில் போட்டது. நாற்பதுவரை எண்ணியது மட்டும்தான் உன்னுடையது. அதை உன்னிடமிருந்து வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. யாராலும் முடியாது. ஆகஸ்டில் நீ வரும்போது அம்மாவுக்குத் தெரியாத மாதிரி நடிக்காதே. உனக்கு நடிக்க வராது. அவள் பக்கத்தில் உட்கார், போதும்.

குட்டையின் மறுகரையில் பத்து இருபது வீடுள்ள ஒரு மலாய்க்காரக் கம்பம் இருக்கிறது. நேற்றுத் திரும்பும்போது பஸ் அந்த வழியாகச் சுற்றி வந்தது. தென்னைகளுக்கு நடுவில் ஒரு பலகை வீடு பூட்டிக் கிடந்தது. குசினி ஜன்னல் நேராகத் தண்ணீரைப் பார்க்கிறது. இறங்கி விசாரித்தேன். வீட்டுக்கார மக்சிக், வயதான மலாய்க்கார அம்மா, ஆள் கிடைத்தால் வாடகைக்குக் கொடுக்கத் தயார் என்றாள். அங்கிருந்து என் பள்ளிக்குத் தினமும் ஒன்றேகால் மணி நேரம் பஸ். இந்த வீட்டில் பதினொரு வருசம் இருந்துவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நீ அந்தத் தண்ணீரைத் தட்டையாக இருந்தது என்று எழுதியிருந்தாய். ஜன்னலுக்கு வெளியே அது இன்னும் அப்படியேதான் கிடந்தது. தினமும் காலையில் அதன் முகத்தில்தான் நான் கண் விழிக்க வேண்டும்.

ஆனாலும் நாளை பள்ளி விட்டதும் அங்கேதான் போகப் போகிறேன். அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் சாவியை வாங்கியிருப்பேன், அதனால் வேண்டாம் என்று நீ எழுதிப் பிரயோசனம் இல்லை.

அக்கா
நவமணி